ரெண்டணாக் காசின் ஓரத்தில்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சோதனை வைக்கிறேன். ஒரு பழைய காசை எடுங்கள். இரண்டு விரலால் அதன் ஓரத்தை மட்டும் பிடித்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்திருங்கள் பார்க்கலாம். என்னால் முடியவில்லை. தூக்கின உடனே காசு ஆடுகிறது. காபி டம்ளர் ஆடுவதைச் சொல்லவில்லை, அதற்கு நாம் எல்லாரும் எப்போதோ பழகிவிட்டோம்.

இந்த வயதில் எதற்கு இந்த வித்தை என்பீர்கள். புனேவில் இருக்கும் மகள் போனில் சொன்னாள். "அம்மா, தாத்தா காசெல்லாம் ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து அனுப்பு. ஒரு குரூப்ல போடறேன். எந்த ராஜா, எந்தக் காலம்னு தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. சும்மா உக்காந்துக்கினு தான இருக்கே."

சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத் தெரியாது. தனியாக இருக்கிற வீட்டில் பொழுதைத் தள்ளுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். இருந்தாலும் மகள் கேட்டுவிட்டாள். புத்தூரில் என் வீட்டுச் சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் பக்கவாட்டில் விழும். காசைப் படம் எடுக்க அதுதான் சரியான வெளிச்சம். நேராக விளக்கைப் போட்டால் பளபளவென்று வெள்ளையடித்துப் போகும், ராஜாவின் மூக்கு முழி ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் தாடி மயிர்கூடத் தனித்தனியாக எழுந்து நிற்கும். இதை எனக்கு யாரும் இப்போது சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டு வயதில் பார்த்தது.

நாற்காலி முதுகில் கறுப்புப் பாவாடையைத் தொங்கவிட்டேன். போனைச் சொம்பில் சாய்த்து வைத்தேன். மேஜையில் படுக்கவைத்து எடுத்தால் போனின் நிழலே காசின் மேல் விழுகிறது. அதனால் ஒரு கையால் காசைப் பிடித்துக்கொண்டு, போன் தானாக எண்ணி எடுக்கட்டும் என்று விட்டேன். பிடிக்க ஒருத்தர், எடுக்க ஒருத்தர் என்றால் சுலபம்தான். இன்னொருத்தருக்கு நான் எங்கே போவேன்?

எங்கள் நைனா, அதாவது அப்பா, தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருப்பதி, புத்தூர், நகரி என்று ஓடும் பஸ். எங்கள் வீடு நகரிக்குப் போகிற வழியில் ரோட்டோர ஊர் ஒன்றில். நயா பைசா வந்து வருஷங்கள் ஆகியும் கிராமத்துச் சனங்கள் மடியில் முடிந்திருந்த பழைய அணாவை அவிழ்த்து நீட்டுவார்கள். வேறு கண்டக்டராக இருந்தால் "இது செல்லாது, எறங்கு" என்று சொல்லியிருப்பார். எங்கள் நைனா வாங்கிக்கொள்வார். அதற்கு ஈடாகத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து முதலாளியின் பையில் போட்டுவிடுவார். ராஜா தலை போட்டது, ராணி தலை போட்டது, நடுவில் ஓட்டை விழுந்த காலணா, பூவிதழ் மாதிரி விளிம்பு வளைந்த ஓரணா, சதுரமாக இருக்கும் ரெண்டணா. சந்திரகிரியில் ஆடு மேய்க்கிற ஒருத்தர், கோட்டைப் பக்கம் மழை பெய்து வடிந்த மண்ணில் கிடைத்தது என்று ஒரு குட்டிச் செப்புக் காசு கொடுத்திருந்தார். மிளகாய் விதைக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதில் ஏதோ எழுத்து இருந்தது.

"சம்பளத்துல பாதிய வெள்ளக்காரன் தலைக்கே குடுத்துட்டு வராரு உங்க நைனா" என்பாள் அம்மா. திட்டுகிற மாதிரி ஆரம்பித்துச் சிரிப்பில் முடிப்பாள். இரவு நைனா தோல் பையைக் கவிழ்க்கும்போது முதலில் வந்து உட்காருகிற ஆளும் அவள்தான். அந்தப் பையின் வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. வேர்வை, தோல், செம்பு, கொஞ்சம் டீசல்.

அம்மா தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டை விரல் விசித்திரமாக இருக்கும். குட்டை, அகலம், நகம் தட்டையாகப் பரந்திருக்கும். ஊரில் கேலி செய்வார்கள். நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, "கல்லுல வெச்சு நசுக்கின வெரலு" என்பாள். ஆனால் அந்த விரலில் நூல் ஒரு முறைகூட அறுந்ததில்லை. எனக்கும் அதே விரல்தான் வாய்த்தது. பள்ளிக்கூடத்தில் சிலேட்டின் மேல் கையை மடக்கி மறைத்துக்கொண்டே எழுதுவேன்.

நான் சொல்கிற அந்தக் கோடையில் அம்மா வயிற்றுப்பிள்ளைக்காரி. ஏழாம் மாதம். அவளுக்குத் தாய் இல்லாததால் அத்தை துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். மாங்காய்க் காலம். வீடெல்லாம் வைக்கோலில் மாங்காய் பழுக்கிற வாசனை. என்னை வெளியே விளையாட அனுப்பமாட்டாள் அத்தை, அம்மாவுக்குக் கூடமாட நிற்கவேண்டும் என்பாள். அதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்று இப்போது சொல்கிறேன். அப்போது அழுதேன்.

நைனாவின் பஸ்ஸில் தினமும் திருப்பதி காலேஜுக்குப் போகும் வாத்தியார் ஒருத்தர் இருந்தார். அவர்தான் கிளப்பிவிட்டார். காசுகளைத் தெளிவாகப் போட்டோ எடுத்துக் கொடுத்தால், படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டி அந்தச் செப்புக் காசு யாருடையது என்று கேட்டுச் சொல்கிறேன் என்றார். நைனாவுக்குத் தலை கால் புரியவில்லை. புத்தூர் ஸ்டுடியோக்காரர் எப்போதும் அவர் பஸ்ஸில் வருகிறவர். சொந்த ஊர்க்காரர் மாதிரி பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியும் முக்காலியுமாக வந்து இறங்கிவிட்டார்.

அவர் வருவதற்கு முன்னாலேயே வீட்டில் ஒரு ரகளை. போட்டோ எடுக்கப் போகிறார்களே, காசு அழுக்காக இருக்கிறதே என்று அத்தை புளியைக் கரைத்துச் சாம்பலையும் சேர்த்து, குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி காசுகளைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நைனா குளித்துவிட்டு வந்து பார்த்தார். ஈரத் துண்டோடு "அய்யய்யோ அக்கா!" என்று அலறியதில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று செப்புக் காசுகள் புதுச் செம்பு மாதிரி இளித்துக்கொண்டு கிடந்தன. ஒரு ராணிக்கு முகமே இல்லை.

"பளிச்சுனு இருந்தா தானடா படம் நல்லா வுழும்?" என்றாள் அத்தை.

"அந்தக் கறுப்பு தான் அக்கா அதுக்கு வயசு. அதயே தேச்சுட்டியே."

அத்தைக்கு அவர் சொன்னது புரியவில்லை. நல்லது செய்யப் போய்ப் பேச்சு வாங்கினோம் என்று மூக்கைச் சிந்தினாள். அம்மாதான் அவளுக்கு மோர் கொடுத்துச் சமாதானம் செய்தாள். சந்திரகிரிக் காசு மட்டும் எப்படியோ தப்பித்தது.

ஸ்டுடியோக்காரரின் கேமரா பெரிய மரப்பெட்டி. முன்னால் துருத்தி, பின்னால் கறுப்புத் துணி, உள்ளே கண்ணாடித் தகடு. அதைக் கீழே பார்த்துக் குனிய வைக்க முடியாது. ஆகவே காசு நின்றபடி இருக்கவேண்டும். வாசற்கதவு வெளிச்சம் பக்கத்தில் விழுகிற மாதிரி உள் நிலையில் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டார். மெழுகில் ஒட்டிப் பார்த்தார், உருகி விழுந்தது. கம்பளிக்குப் பின்னாலிருந்து யாராவது கையை மட்டும் நீட்டிப் பிடிக்கட்டும் என்றார். நைனா விரல் பாதிக் காசை மூடிவிட்டது. என் கை நடுங்கியது. கடைசியில் அம்மா, "நான் புடிக்கறேன், நூலு புடிக்கற கையி" என்று மணையை இழுத்துப் போட்டுக் கம்பளிக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அத்தை உடனே வந்தாள். "வயித்துப்புள்ளக்காரிய போட்டோ புடிக்கக் கூடாதுன்னு தெரியாதா? வயித்துல இருக்கறதுக்கு ஆவாது."

"மொகம் வுழாது அக்கா, வெரலு மட்டும் தான்" என்றார் நைனா. விரல் மட்டும் என்றால் தோஷமில்லை என்று அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

ஸ்டுடியோக்காரர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். "கதலொத்தம்மா! அசையவே கூடாது. மூச்ச உடவாணாம்" என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து கத்துவார். நான் அம்மாவோடு கம்பளிக்குப் பின்னால் இருந்தேன். அங்கே புழுக்கம். அவள் நெற்றியில் வேர்வை கோடு கோடாக இறங்கும். கண்ணை இறுக மூடி, கன்னத்தை உப்ப வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். என் சிரிப்பைக் கேட்டு அவளுக்கும் வந்துவிடும்.

"அசைஞ்சுட்டீங்கம்மா!"

"நான் அசையலண்ணா, உள்ள இருக்கறது தான் அசையுது" என்றாள் அம்மா. நைனாகூடச் சிரித்துவிட்டார். கேமரா அந்தப் பக்கத்திலிருந்து காசைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு தகடு மிச்சமிருந்தது. "அம்மாவ ஒண்ணு எடுத்துடலாமா சார்?" என்றார் ஸ்டுடியோக்காரர். அம்மாவுக்கு அதுவரை போட்டோவே கிடையாது. கல்யாணத்துக்குப் போட்டோக்காரரைக் கூப்பிடுகிற வசதி யாருக்கு இருந்தது? யாரும் பதில் சொல்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். முகம் கழுவி, பவுடர் பூசி, தலையைப் படிய வாரி, கொடியிலிருந்த நல்ல புடவையை மேலே சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் தயாரானதில்லை.

அத்தை ஒரே பேச்சாகச் சொன்னாள். "வாணாம். நான் சொன்னப்பறம் யாரும் எதுத்துப் பேசக் கூடாது."

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். பிறகு அத்தை பக்கமாகத் தலையாட்டினார். "புள்ள பொறக்கட்டும். எல்லாரும் ஸ்டுடியோவுக்கே போய்ச் சேந்து எடுத்துக்கலாம். அவசரம் இன்னா?"

அவசரம் என்ன என்று யாருக்குத் தெரியும். அம்மா பவுடர் முகத்தோடு கம்பளிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். அந்தக் கடைசித் தகட்டில் சதுர ரெண்டணாவை எடுத்தார்கள். அந்தத் தடவை அவள் சிரிக்கவும் இல்லை, அசையவும் இல்லை.

ஆடி மாதம் வலி கண்டது. நைனாவின் பஸ்ஸிலேயே திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவும் திரும்பவில்லை, தம்பியும் தங்கவில்லை. இதை விரிவாக எழுத எனக்கு இஷ்டம் இல்லை. உங்களில் சின்ன வயதில் தாயை இழந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

காரியம் முடிந்த பிறகுதான் ஸ்டுடியோக்காரர் போட்டோக்களைக் கொண்டுவந்தார். அவருக்கு விஷயம் தெரியும். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கவரை நீட்டினார். நைனா அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார். எதற்கு அந்த அவசரம் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. நானும் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் அம்மாவின் விரலாவது விழுந்திருக்கிற படங்கள் அவைதான்.

கறுப்பு அட்டை. அதன்மேல் ஒவ்வொரு காசும் அழகாக, வட்டமாக, கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியிருந்தது. ராஜா, ராணி, சிங்கம், சந்திரகிரி எழுத்து எல்லாம் தெளிவாக இருந்தன.

நைனா எல்லா அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை எங்க?" என்றார்.

"எந்தக் கை சார்?"

"காசப் புடிச்சிருந்த கை."

"வெரலு வந்து அசிங்கமா இருந்துச்சு சார். காசு மட்டும் நீட்டா இருக்கட்டும்னு நானே உக்காந்து ஒண்ணொண்ணா..." என்று பெருமையாக ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

கண்ணாடித் தகடு இருக்குமே, அதிலிருந்து மறுபடி போடலாமே என்றார் நைனா. அதுவும் இல்லை. காசுப் படம்தானே, யார் மறுபடி கேட்கப் போகிறார்கள் என்று தகடுகளைச் சுடுநீரில் கழுவி, சின்னச் சின்ன சாமி படங்களுக்குக் கண்ணாடியாகப் போட்டு விற்றுவிட்டார். அப்போது எல்லா ஸ்டுடியோவிலும் அப்படித்தான் செய்வார்களாம். நைனா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ்ஸில் ஏற்றி, முன்சீட்டில் உட்கார வைத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் சின்ன சாமி படம் மாட்டியிருந்தால் அந்தக் கண்ணாடியில் கையை வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருக்கும். "சாமிய தொடாதே, எச்சக் கை" என்று விரட்டுவார்கள். நான் சாமியைத் தொடவில்லை என்று யாரிடம் சொல்வது? நைனா காலையில் போனால் கடைசி பஸ்ஸில் வருவார். அத்தை சாப்பாடு போடுவாள், தலை வாரிவிடுவாள், பேசமாட்டாள். அவளுக்கும் மனசில் ஒரு கேள்வி இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. போட்டோவும் எடுக்கவில்லை, வயிற்றுப்பிள்ளையும் பிழைக்கவில்லை. அதை அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? ஆனால் அப்போது எனக்கு அவள்மேல் வெறுப்பு மட்டும்தான் இருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், இரண்டு பேரும் தனியாக இருந்தோம்.

அப்படி ஒரு மத்தியானம், அத்தை தூங்கும்போது, அந்த அட்டைகளை எடுத்துப் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டணா சதுரக் காசு என்று சொன்னேன் அல்லவா. ஸ்டுடியோக்காரருக்கு எல்லாவற்றையும் வட்டமாக வெட்டித்தான் பழக்கம், அதையும் வட்டமாகவே வெட்டியிருந்தார். சதுரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் நாலு பக்கமும் கொஞ்சம் இடம் மிஞ்சுமே. மூன்று பக்கம் வெறும் கறுப்பு. கீழ்ப் பக்கத்தில் மட்டும் ஏதோ வெளுப்பாக இருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நகம். தட்டையான, அகலமான கட்டை விரல் நகம். ஓரத்தில் பவுடர்கூட ஒட்டியிருந்தது போல எனக்குப் பட்டது.

அட்டையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினேன். நைனாவின் பஸ் அப்போதுதான் வந்து நின்றது. அவர் படியில் நின்றுகொண்டு, வாயில் விசிலோடு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அட்டையை நீட்டி நகத்தைக் காட்டினேன். மூச்சு வாங்கியது. நைனா பார்த்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். எல்லாரும் ஏறிவிட்டார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "கண்டக்டரு, ரைட்டு குடுய்யா!" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். "ஏமய்யா, நித்ரபோயாவா?" என்று, தூங்கிவிட்டாயா என்கிற மாதிரி, இன்னொருத்தர் தெலுங்கில் கேட்டார். விசில் அவர் வாயிலேயே இருந்தது. ஊத வரவில்லை. பஸ் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அந்த வட்டத்தை அட்டையிலிருந்து பெயர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேலையில் இருந்தவரைக்கும் காக்கிச் சட்டைப்பையில், அப்புறம் வெள்ளைச் சட்டைப்பையில். மற்ற அட்டைகளைக் காலேஜ் வாத்தியாரிடம் கொடுக்கவே இல்லை. அவர் கேட்டபோது டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டாராம். சந்திரகிரிக் காசு யாருடையது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. நைனாவுக்குப் பிறகு அந்த வட்டம் என்னிடம் வந்தது. வேர்வை பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிட்டது. நகம் இருக்கிறது.

இந்தக் கதையை மகளிடம் நான் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. அவள் கேட்கிற வயதில் எனக்கு வேலை, எனக்கு ஒழிந்தபோது அவளுக்கு வேலை.

போன வாரம் எடுத்த படங்களை அனுப்பினேன். ஆடி ஆடி எடுத்ததுதான், ஆனாலும் ஓரளவு தெளிவாக இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து திரும்பி வந்தன. கூடவே அவள் குரல்: "சூப்பர்மா! வெரல் விழுந்துக்கினு இருந்துச்சு, எல்லாத்தையும் கிராப் பண்ணிட்டேன். நீட்டா இருக்கு பாரு."

பார்த்தேன். கறுப்புப் பின்னணி. ஒவ்வொரு காசும் அழகாக, வட்டமாக இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு நான் எடுத்த படத்தையே தேடி எடுத்தேன், வெட்டாததை. ரெண்டணாப் படத்தைப் பெரிதாக்கினேன். பீரோவிலிருந்து அந்தப் பழுப்பு வட்டத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். ஒரே நகம். ஒரே தட்டை, ஒரே அகலம். அம்மா காசைப் பிடித்திருந்த கையை நான் கம்பளிக்குப் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். முன்னாலிருந்து அது எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. இப்போது போனில் இருந்தது. மணிக்கட்டுவரை, முழுசாக, கொஞ்சம் சுருக்கம் விழுந்து. அம்மா எனக்கிருக்கிற வயதுவரை இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும். எவ்வளவு நேரம் அழுதேன் என்று கேட்காதீர்கள்.

மகளைக் கூப்பிட்டேன். "வெரல வெட்டாதேடி" என்றேன்.

"ஏம்மா? காசு தான முக்கியம்?"

அப்போதுதான் சொன்னேன். கம்பளி, பவுடர், கத்தரிக்கோல், விசில் எல்லாம். அவள் குறுக்கே பேசவில்லை. பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது. "அப்பறம் பண்றேம்மா" என்று வைத்துவிட்டாள். சரி, அவளுக்கு ஆயிரம் வேலை, நம் பழங்கதைக்கு இது நேரமா என்று என்னையே நொந்துகொண்டு, காசுகளைப் பால்பவுடர் டப்பாவில் போட்டு மூடினேன். வீடு முன்னைவிடக் காலியாக இருந்தது.

சாயங்காலம் போன் சிணுங்கியது. எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு படம் மட்டும். அவள் மேஜையில், கணினிக்கு முன்னால், ஒரு சாதாரண ஒரு ரூபாய்க் காசைத் தூக்கிப் பிடித்து எடுத்திருந்தாள். அவளுக்கும் எங்கள் விரல்தான், சின்ன வயதிலிருந்து அதை மறைத்தே பழகியவள். மோதிரத்தைக்கூட அந்தக் கையில் போடமாட்டாள். காசு மங்கலாக விழுந்திருந்தது. கட்டை விரல் தெளிவாக இருந்தது.